தோட்டத்து நாய்க்கு வீட்டிலேயே சுட்ட ரொட்டி

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளில் நாய் இல்லாத சாளையைக் காண்பது அரிது. ஊரை விட்டுத் தள்ளி, கிணற்று மேட்டிலும் காட்டு நடுவிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு இரவில் முதல் காவல் நாய்தான். கட்டுத்தரையில் மாடும், பட்டியில் ஆடும், கூடையில் கோழியும் உள்ள வீட்டில் நாயின் வேலை இன்னும் கூடுதல். ஆனால், அந்த நாய் என்ன தின்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் எத்தனை கிலோ என்று சொல்லத் தெரிந்தவர்கள்கூட, "நாய்க்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டால், "மிச்சம் மீதி இருக்கறதைப் போடறதுதானுங்க" என்றே சொல்வார்கள்.

இக்கட்டுரையில், தோட்டத்து நாய்க்குத் தின்பண்டமாகக் கொடுக்கத் தக்க ரொட்டியை, அதாவது பிஸ்கட்டை, வீட்டிலுள்ள ராகி, கம்பு, முட்டை, ஈரல் ஆகியவற்றைக் கொண்டு சுட்டெடுக்கும் முறையை விளக்குவோம். "ஏனுங்க, மனுசனுக்கே ரொட்டி சுட நேரமில்லை, நாய்க்குப் போயிச் சுடச் சொல்றீங்களே" என்று சிலர் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது பெரும்பாலான வீடுகளில் நாய்க்குக் கொடுக்கப்படுவது பெட்டிக்கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலம். அது மைதா, சர்க்கரை, பாமாயில் சேர்த்து மனிதர்களுக்காகச் செய்யப்பட்டது. மறுபுறம், கறிக்கடையில் கழித்த குடலும் பச்சை ஈரலும் நாய்க்கு எறியப்படுகின்றன. முன்னது நாயின் உடலைக் கெடுக்கும். பின்னதால் ஆட்டுப்பட்டிக்கும் வீட்டாருக்கும் கேடு வரலாம். இவ்விரண்டுக்கும் மாற்றாகவே இந்த ரொட்டியைச் சொல்கிறோம்.

நாய் ரொட்டி பிறந்த கதை

நாய்க்கென்று தனியே ரொட்டி சுடுவது புதுமையல்ல. 1860-ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் நகரில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இதை வணிகமாகத் தொடங்கினார். கப்பல் மாலுமிகள் தின்று மிஞ்சிய கெட்டி ரொட்டித் துண்டுகளைத் துறைமுகத்து நாய்கள் ஆவலோடு தின்பதைக் கண்டு, அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி ஆகியவை சேர்த்து அவர் சுட்ட ரொட்டி, சீமான்களின் வேட்டை நாய்களுக்கு விலைபோயிற்று. இன்று கடைகளில் தொங்கும் பளபளப்பான நாய்த் தீனிப் பைகள் எல்லாம் அந்த ரொட்டியின் வழிவந்தவையே.

நம் பக்கத்தில் நாய்க்கு ராகிக் களியும், கம்மஞ்சோறும், சோளச் சோறும் மோர் விட்டுக் கரைத்து ஊற்றி வந்தார்கள். வீட்டார் எதை உண்டார்களோ அதுவே நாய்க்கும். களி போய் ரேஷன் அரிசிச் சோறு வந்ததும் நாயின் தட்டிலும் அரிசியே நிறைந்தது. தானியம் நாய்க்கு ஆகாது, இறைச்சிதான் அதன் உணவு என்று பட்டணத்தில் சிலர் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. ஓநாயையும் வீட்டு நாயையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான மரபியல் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கச் செய்யும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாயிடம் பல மடங்கு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. உழவனோடு சேர்ந்து வாழத் தொடங்கிய காலந்தொட்டே நாயின் வயிறும் தானியத்துக்குப் பழகியிருக்கிறது. ஆயினும் தானியம் நன்கு வெந்திருக்க வேண்டும். அதோடு புரதமும் சேர வேண்டும். வளர்ந்த நாயின் உலர் தீனியில் குறைந்தது 18 சதவீதம் புரதம் இருப்பது நலம். ராகியில் ஏறக்குறைய 7 சதவீதமும், கம்பில் 11 சதவீதமும்தான் உள்ளது. எனவே வெறும் களியும் மோரும் உண்ணும் நாய் எலும்பும் தோலுமாக இருப்பதில் வியப்பில்லை.

பச்சைக் கழிவும் பட்டியின் நோயும்

ரொட்டி சுடும் முறைக்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையில் ஆடு வளர்ப்போர் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுவே.

காங்கேயம், மூலனூர், தாராபுரம் பகுதிகளில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக விடப்பட்ட கொறங்காடுகளில் ஆடுகள் நாளெல்லாம் மேய்கின்றன. அதே காட்டில்தான் பட்டி நாயும் திரிகிறது. வீட்டு விசேஷத்துக்கு ஆடு அறுக்கும்போது ஈரலிலோ நுரையீரலிலோ நீர் கோத்த பைகள் போன்ற கட்டிகளைச் சிலர் பார்த்திருக்கலாம். "இது ஆகாது" என்று அந்தத் துண்டை வெட்டி நாய்க்கு எறிவது வழக்கம். நோய் தொடர்வதற்கு அதுவே வழியாகி விடுகிறது.

அந்த நீர்ப்பைக்குள் இருப்பவை ஒருவகை நாடாப்புழுவின் இளநிலைகள். நாய் அதைத் தின்றதும் அவை அதன் குடலில் ஒட்டிக்கொண்டு, அரிசியைவிடச் சிறிய புழுக்களாக வளர்கின்றன. ஆறேழு வாரங்களில் நாயின் சாணத்தோடு கண்ணுக்குத் தெரியாத முட்டைகள் வெளிவரும். அவை புல்லில் ஒட்டி ஆட்டின் வயிற்றுக்குப் போய் மீண்டும் ஈரலில் நீர்ப்பைகளாகும். நாயின் மயிரில் ஒட்டிய முட்டை, அதைத் தடவி விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போனால், குழந்தையின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்ப்பை மெல்ல மெல்லப் பல ஆண்டுகள் வளரும். பெரிதாகி விட்டால் அறுவை சிகிச்சை வரை போக நேரிடும். இத்தனைக்கும் நாய் கொழுகொழுவென்றுதான் இருக்கும். பார்வைக்கு எந்தக் குறியும் தெரியாது.

இன்னொரு நாடாப்புழு ஆட்டின் மூளையில் நீர்ப்பை உண்டாக்கும். ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும், தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கும், சுவரில் முட்டும். அந்த ஆடு செத்தால் அதன் தலையை நாய்க்குப் போடுவது, அடுத்த ஆட்டுக்கும் நோயை வரவழைப்பதாகும்.

இதைத் தடுக்க முடியுமா என்றால், முடியும். ஐரோப்பாவின் வடகோடியில் ஐஸ்லாந்து என்ற தீவு உள்ளது. அங்கும் நம் கொறங்காட்டுக்காரர்களைப் போல ஆடும் நாயுமாக வாழ்ந்த மக்களே மிகுதி. 1863-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் ஹரால்ட் கிராப்பே அங்கு சென்று நாய்களைச் சோதித்தபோது, நான்கில் ஒன்றுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. அவர் எளிய நடையில் ஒரு சிறு நூல் எழுதினார். அதை 1864-இல் அச்சிட்டு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்தார்கள். நீண்ட பனிக்கால இரவுகளில் குடும்பத்தோடு உட்கார்ந்து அதைப் படித்தார்கள். கழிவு ஈரலை நாய்க்குப் போடாதே, புதை அல்லது எரி, நாய்க்குப் புழு நீக்க மருந்து கொடு என்பவைதாம் அதன் சாரம். அன்று இன்றைய மருந்துகள் கிடையாது. இருந்தும் படித்ததை மக்கள் கடைப்பிடித்தார்கள். பின்னர் சட்டங்களும் வந்தன. அடுத்த இரண்டு தலைமுறைக்குள் அந்நாட்டில் நோய் பெரிதும் ஒழிந்தது.

ஆகவே, ஈரல் கொடுக்க விரும்பினால் கொதிநீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைத்தே கொடுக்க வேண்டும். நீர்க்கட்டி தெரிந்த ஈரலை வேகவைத்தும் கொடுக்க வேண்டாம். நாய் தோண்டி எடுக்க முடியாதபடி 3, 4 அடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே கல் வைத்து விடவும். மாடு கன்று வீசினால் நஞ்சுக்கொடியையும் செத்த கன்றையும் நாய் தின்ன விடக் கூடாது. மாட்டில் கருச்சிதைவு உண்டாக்கும் ஒருவகை ஒட்டுயிரி இவ்வழியில் நாய்க்குள் நுழைந்து, நாயின் சாணம் விழுந்த தட்டுப்போர் வழியாகத் திரும்பவும் மாட்டுக்கு வரும்.

கோழிக்கழிவைப் பற்றியும் ஒரு சொல். 2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், சென்னிமலை வட்டாரங்களில் நாய்க்கூட்டங்கள் இரவில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி, நிவாரணம் கேட்டு விவசாயிகள் மறியல் செய்ததும் நடந்தது. சாலையோரம் கொட்டப்படும் கறிக்கடைக் கழிவை நம்பித்தான் இந்தக் கூட்டங்கள் பெருகுகின்றன என்று ஆட்டுக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பண்ணையில் செத்த கோழியை நாய்க்கு முழுசாக எறிகிறவர், இறகோடு உள்ள உயிரைத் தின்னலாம் என்று தம் நாய்க்குத் தாமே பழக்கி விடுகிறார் என்பது என் கருத்து.

வேண்டிய பொருள்கள்

இனி ரொட்டிக்கு வருவோம். ஏறக்குறைய 60 ரொட்டிக்குக் கணக்கு இது. ராகி மாவு 300 கிராம், கம்பு மாவு 200 கிராம், கோழி ஈரல் 250 கிராம், முட்டை 2, மஞ்சள் பூசணி 150 கிராம், கடலை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். மனிதர் நாக்குக்குச் சப்பென்று இருக்கும். நாய் வாசனையைக் கொண்டே சுவை பார்ப்பது. ஈரல் வாசனை ஒன்றே அதற்குப் போதும்.

ராகியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 100 கிராம் ராகியில் 340 மில்லி கிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. ஈரலில் மணிச்சத்து மிகுதி, சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேரும்போது ஓரளவு சரிக்கட்டும். இன்னும் சரியாக அமைய, உடைத்த முட்டையின் ஓடு ஒன்றைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டு, காயவைத்து, மாவாக அரைத்துச் சேர்க்கலாம். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. துகள் நறநறவென்று இருக்கக் கூடாது. பற்பொடி போல் நைஸாக இருக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கீறல் விழுந்த முட்டை மலிவாகக் கிடைக்கும். அன்றன்று வாங்கி அன்றே சமைப்பதானால் அதையே பயன்படுத்தலாம்.

சோளமாவு, மக்காச்சோள மாவு, கோதுமை மாவு எதையும் கம்புக்குப் பதிலாகப் போடலாம். ஆனால், தானியம் பூசணம் பிடித்ததாக இருக்கவே கூடாது. "மனுசன் தின்ன ஆகாது, நாய்க்கு ஆகும்" என்று ஒதுக்கி வைத்த மக்காச்சோளமும் நிலக்கடலையும் பிண்ணாக்கும் நாய்க்கு நஞ்சாகலாம். அவற்றில் வளரும் பச்சை மஞ்சள் நிறப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சைச் சுரக்கிறது. 1960-இல் இங்கிலாந்தில் பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரிய வந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில், மக்காச்சோளம் கலந்த நாய்த் தீனியில் இதே நச்சு இருந்து, அடுத்த சில வாரங்களில் 70-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகக் கணக்கு வந்தது. நாயின் ஈரல் இந்த நச்சுக்கு எளிதில் இரையாகும். வேகவைத்தாலும் சுட்டாலும் அது அழியாது. பொறுக்கி எடுத்த நல்ல தானியத்தை வெயிலில் காயவைத்து அரைப்பதே வழி.

புரட்டாசி மாதத்தில் வீட்டில் கவுச்சி சேர்க்காத குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் ஈரல், முட்டைக்குப் பதிலாக வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை 125 கிராமும், கெட்டித் தயிர் ஒரு டம்ளரும் சேர்த்துப் பிசையலாம். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகிய பருப்புகளைப் பொறுக்கி நீக்க மறக்க வேண்டாம். கடலை சேர்ந்தால் கொழுப்புக் கூடும், எண்ணெய் தேவையில்லை.

செய்முறை

ஈரலைக் கழுவி, மூழ்கும் அளவு நீரில் அரை மணி நேரம் வேகவைக்கவும். வெந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். மாவு பிசைய அதுவே சிறந்தது. பூசணியைத் தோலும் விதையும் நீக்கித் தனியே வேகவைத்து மசிக்கவும். ஆறிய ஈரலை ஆட்டுக்கல்லிலோ மிக்சியிலோ அரைக்கவும். மாவு இரண்டையும் வெறும் வாணலியில் பச்சை வாடை போகும் வரை இளஞ்சூட்டில் வறுத்துக்கொண்டால், தானியம் செரிக்க எளிதாகும். ரொட்டியும் நாள்பட இருக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, ஈரல் வெந்த நீரைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தெளித்து, சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசையவும். ராகியில் கோதுமைபோல் இழுவை இல்லாததால் மாவு விண்டு போகும். முட்டைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படியும் விண்டால் ஒரு கைப்பிடி கோதுமை மாவு சேர்க்கவும். அரை மணி நேரம் ஈரத்துணி மூடி வைத்து, கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, கத்தியால் சதுரமாகவோ டம்ளர் விளிம்பால் வட்டமாகவோ வெட்டவும். இலை, எலும்பு என்று வடிவம் வெட்டுவது குழந்தைகளுக்குப் பிடிக்கும். நாய்க்கு அதில் அக்கறை இல்லை.

மின்சார அடுப்பு உள்ளவர்கள் 170 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சுட்டு, பிறகு 100 டிகிரிக்குக் குறைத்து ஒரு மணி நேரம் உலர விடலாம். அது இல்லாத வீட்டில் மணல் அடுப்பு முறையே கைகண்டது. கனத்த இரும்புச் சட்டியிலோ அடிகனமான அலுமினியப் பாத்திரத்திலோ 2 அங்குல உயரத்துக்குச் சுத்தமான காய்ந்த மணலைப் பரப்பவும். அதன்மேல் பிரிமணை போன்ற ஒரு கம்பி வளையத்தை வைத்து, மூடியால் இறுக மூடி 15 நிமிடம் சூடேற்றவும். எண்ணெய் தடவிய தட்டில் ரொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, வளையத்தின்மேல் வைத்து மூடி, மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடம் சுடவும். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். பிரஷர் குக்கரில் செய்வதானால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது.

கோவை, திருப்பூர்ப் பக்கத்தில் எந்தச் சாலை முக்கில் திரும்பினாலும் ஒரு பேக்கரி இருக்கிறது. விறகில் எரியும் அடுப்பு வைத்திருப்பவர்கள் ரொட்டி சுட்டு முடித்த பின்னும் அந்த அடுப்பில் பல மணி நேரம் சூடு தங்கும். தெரிந்த கடையானால் ஒரு தட்டு வைத்து எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்தால் விறகும் மிச்சம், வேலையும் மிச்சம்.

எப்படிச் சுட்டாலும் பதம் ஒன்றே. ஆறிய ரொட்டியை உடைத்தால் முறுக்குப் போலச் சட்டென்று உடைய வேண்டும். வளைந்தாலும், உட்புறம் பிசுபிசுத்தாலும் ஈரம் இருக்கிறது என்று பொருள். திரும்பவும் இளஞ்சூட்டில் வைக்கவும். இறைச்சி சேர்ந்த பண்டமாதலால் வெயிலில் காயவைக்க வேண்டாம், ஈ மொய்க்கும். நன்கு உலர்ந்ததைக் காற்றுப் புகாத தகர டப்பாவில் வைத்தால் கோடையில் இரண்டு மூன்று வாரமும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் பத்து நாளும் இருக்கும். ஒரு ரொட்டியில் பூசணம் தெரிந்தாலும் டப்பாவிலுள்ள முழுவதையும் கழித்து விட வேண்டும். கழித்ததைக் கோழிக்கும் போடக் கூடாது.

எவ்வளவு கொடுக்கலாம்

20 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கலோரி தேவை. இரவெல்லாம் ஓடும் நாய்க்குக் கொஞ்சம் கூடும், கட்டியே கிடக்கும் நாய்க்குக் குறையும். தின்பண்டத்தின் பங்கு அதில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் ஒரு ரொட்டி உலர்ந்த பின் 10 கிராம் இருக்கும். ஏறக்குறைய 38 கலோரி தரும். ஆகவே, நாளுக்கு 2 போதும்; மிஞ்சினால் 3 வரை கொடுக்கலாம். இதைவிட முக்கியமான காரணமும் உண்டு. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. தினமும் மிகுதியாக ஈரல் தின்னும் நாய்க்கு நாளடைவில் மூட்டும் முதுகெலும்பும் இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல் போகும். மூன்று ரொட்டியில் இருப்பது 12 கிராம் அளவு ஈரலே. அது கேடு செய்யாது.

ரொட்டியைக் கொண்டே வயிறு நிரப்ப நினைக்க வேண்டாம். காலை மாலைத் தீனியாகக் களி அல்லது சோற்றோடு ஒரு முட்டையோ, வேகவைத்த கோழி இறைச்சியோ, உப்புப் போக ஊறவைத்துக் கழுவி வேகவைத்த கருவாடோ சேர்ப்பது வேறு, இது வேறு. வேகவைத்த கோழி எலும்பை மட்டும் போடக் கூடாது. அது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பல் விழுந்த கிழ நாய்க்கு ரொட்டியை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம். பால்குடி மறவாத குட்டிக்கு இது வேண்டியதில்லை.

நம் தோட்டத்தில் விளையும் பொருள்களிலேயே நாய்க்கு ஆகாதவை சில உண்டு. முதலாவது சின்ன வெங்காயம். பெரிய வெங்காயமும் பூண்டும் அவ்வாறே. பச்சையாகவோ வேகவைத்தோ எப்படிக் கொடுத்தாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சோகை உண்டாகும். குழம்புச் சோறு போடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லெட், காபித்தூள், ஜாதிக்காய் ஆகா. சர்க்கரை நோயாளிகளுக்காக விற்கும் மிட்டாய், பிஸ்கட், சூயிங்கம் சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். மனிதனுக்குத் தீங்கற்ற அது, நாய்க்குச் சிறிதளவே போனாலும் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி உயிரைப் போக்கும்.

ரொட்டியால் ஆகும் காரியங்கள்

நாயைச் சங்கிலியில் இழுத்து வந்து ஊசி போடுவதற்குள் வீட்டில் நாலு பேருக்கு மூச்சு வாங்கி விடுகிறது. இரவெல்லாம் அவிழ்த்து விட்ட நாய் காலையில் கைக்கு அகப்படுவதில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்ததும் ரொட்டியில் அவரைக்கொட்டை அளவு ஒரு துண்டு கிடைக்கும் என்று குட்டியிலேயே பழக்கினால் இந்தத் தொல்லை இல்லை. நாள்தோறும் ஒரே சொல்லை, ஒரே குரலில் சொல்லி அழைக்க வேண்டும். வந்த நொடியில் துண்டு வாயில் விழ வேண்டும். உள்ளே போய் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தால், எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஆட்டுக்குட்டியைத் துரத்த எழும் குட்டி நாயைக் கூப்பிட்டுத் திருப்பவும் இதுவே உதவும். அடித்துத் திருத்திய நாய் ஆள் இல்லாதபோது துரத்தும். ரொட்டிக்குப் பழகிய நாய் ஆள் பக்கம் திரும்பிப் பார்க்கும்.

குடற்புழு நீக்க மாத்திரையையும் இதில் வைத்துக் கொடுத்து விடலாம். சுட்ட ரொட்டியில் மாத்திரை நுழையாது. ஆகவே, ஒரு ரொட்டியை ஈரல் வேகவைத்த நீரில் ஊறவைத்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் மூன்று உருண்டைகள் பிடிக்கவும். முதல் உருண்டையை வெறுமனே கொடுக்கவும், இரண்டாவதில் மாத்திரை, அதை விழுங்கும் முன்பே மூன்றாவது கண்ணெதிரே தெரிய வேண்டும். அதன்மேல் ஆசையில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கி விடும். முன்னே சொன்ன நாடாப்புழுக்களுக்கு எல்லாப் புழு மாத்திரையும் கேட்காது; பிரேசிகுவாண்டல் சேர்ந்தது வேண்டும். நாயின் எடையைச் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பது நலம். ஆட்டுப்பட்டி நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால், புழு முட்டையிடும் முன்பே ஒழிந்துவிடும். மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டி வைத்து, சாணத்தை அள்ளிப் புதைக்க வேண்டும்.

வெறிநோய்த் தடுப்பூசிக்கும் அப்படியே. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும். ஜூலை 6-ஆம் நாள் விலங்குவழி நோய்கள் தினம். 1885-இல் அந்நாளில்தான் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தினார். அவர் பெயரில் நமக்கு அருகே குன்னூரில் 1907 முதல் நிலையம் இயங்கி வருகிறது. இந்நாளையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடத்துவது வழக்கம். முகாமுக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் நாலு ரொட்டி இருந்தால் நாய் தானே பின்னால் வரும்.

டப்பாவில் ஒரு எச்சரிக்கை

வயல் எலிக்கு வைக்கும் புரோமடியோலோன் வில்லைகளைப் பலர் அறிவர். பார்வைக்கும் கைக்கும் அவை பிஸ்கட் போலவே இருக்கும்; தானியமும் எண்ணெயும் சேர்ந்திருப்பதால் வாசனையும் உண்டு. ரொட்டிக்குப் பழகிய நாய் அதையும் ரொட்டி என்றே எண்ணும். ஆகவே, இரண்டையும் ஒரே பரணில் வைக்கக் கூடாது. நாய் ரொட்டி டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டவும். எலி வில்லையைப் பூட்டிய பெட்டியில் வைக்கவும். வயலிலும் வெட்டவெளியில் வைக்காமல், வளைக்குள்ளோ நாயின் வாய் புகாத குழாய்க்குள்ளோ வைக்க வேண்டும். வில்லையைத் தின்ற நாய் அன்றைக்கு நன்றாகவே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்து ஈறு வெளுத்து, மூக்கிலும் சாணத்திலும் இரத்தம் வரும். அதுவரை காத்திருக்க வேண்டாம். தின்றதைப் பார்த்த உடனே, வில்லையின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போகவும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. அதைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். நாய் எழுந்து நடமாடி விட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.